பதிவு செய்த குரல் யாருக்குச் சொந்தம்?

போன மாதம் பொன்னேரியில் படிக்கிற மூன்று பிள்ளைகள் என்னைத் தேடி ஆரணிக்கு வந்தார்கள். இரண்டு பெண்கள், ஒரு பையன். மூவருமே அவரவர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். "அக்கா, பெண்கள் பேசுற பாட்காஸ்ட் ஒண்ணு ஆரம்பிக்கப் போறோம். நம்ம பெண்கள். சிப்காட்டுக்கு வேலைக்குப் போறவங்க, செங்கல் சூளையில இருக்கிறவங்க, வார்டு உறுப்பினரா ஜெயிச்சவங்க. எந்த மைக் வாங்கலாம், சொல்லுங்க" என்றார்கள்.

மைக்கைப் பற்றி ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அன்று பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே ஆசையோடு இன்னும் பல பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு பெண்ணின் குரலைப் பதிவு செய்யக் கிளம்புகிறவர்கள், பதிவான பிறகு அந்தக் குரல் யாருக்குச் சொந்தம் என்பதற்கு முதலில் பதில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதில் இல்லாமல் நான் தொடங்கிய வேலை ஒரு பெண்ணின் சோற்றில் மண்ணைப் போட்டது. அதையும் மறைக்காமல் சொல்லப் போகிறேன்.

ஐந்து நாள் செய்தி

ஆரணி என்றதும் பலருக்குப் பட்டுச்சேலை நெய்கிற திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணிதான் நினைவுக்கு வரும். எங்கள் ஆரணி வேறு. திருவள்ளூர் மாவட்டத்தில் பெரியபாளையத்தை ஒட்டி, ஆரணியாற்றங்கரையில் இருக்கிற சின்னப் பேரூராட்சி. இந்தப் பக்கத்து ஊர்களில் விடியற்காலையில் கம்பெனி வண்டிக்காகப் பெண்கள் ரோட்டோரம் நிற்பார்கள். நிற்கிற நேரமெல்லாம் பேச்சுதான். சூப்பர்வைசர் பேசிய பேச்சு, சம்பளத்தில் பிடித்த பிடித்தம், பிள்ளைக்குக் காய்ச்சல், புருஷன் அடித்த அடி, மாமியார் வைத்த வத்தக்குழம்பு. இவர்களுக்குக் குரல் இல்லை, நாம்தான் குரல் கொடுக்கிறோம் என்று மேடையில் யாராவது முழங்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஒருநாள் காலை ஐந்து மணிக்கு வந்து அந்த ரோட்டோரம் நின்று பாருங்கள்.

இவர்கள் பேசுவது நமக்கு எப்போது கேட்கிறது என்பதுதான் கேள்வி. 2020 ஆகஸ்ட் 15 அன்று கும்மிடிப்பூண்டி ஒன்றியம் ஆத்துப்பாக்கத்தில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர் அமிர்தம், ஒரு தலித் பெண். சுதந்திர தினத்தன்று அவரைக் கொடியேற்ற விடாமல் தடுத்தார்கள். செய்தி வெளியே வந்து, தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டு, ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் வந்து நிற்க அவர் கொடியேற்றினார். அதே ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், ஊராட்சித் தலைவரான இன்னொரு தலித் பெண் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளிவந்தது. 2022இல் தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது, தலித் தலைவர்கள் கொடியேற்றுவதை யாரும் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

ஆத்துப்பாக்கத்தில் கொடி மேலே ஏறியது. கேமராக்கள் வண்டியேறிப் போய்விட்டன. ஐந்து நாள் செய்தி முடிந்தது. ஆறாவது நாள் அந்த ஊராட்சி அலுவலகத்தில் யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள்? கோப்பில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு பெண் தலைவருக்கு அதைப் படித்துக் காட்டியது யார்? வீட்டுக்குப் போன பிறகு பேரப்பிள்ளைகளிடம் அன்றைய நாளைப் பற்றி என்ன சொன்னார்? தொலைக்காட்சிக்கு இதெல்லாம் செய்தி ஆகாது. அவமானம் நடக்கிற அன்று வரும், சமாதானம் நடக்கிற அன்று வரும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஐந்து வருஷம் அவர்களுக்கு வேண்டாம். பாட்காஸ்டுக்கு அந்த ஐந்து வருஷம்தான் வேண்டும்.

இன்னொன்றும் இதே பக்கத்தில்தான். தேர்வாய்கண்டிகை என்றால் இன்று சென்னைக்காரர்களுக்கு நீர்த்தேக்கம் நினைவுக்கு வரும். அதற்கு முன்பே அது ஒரு போராட்டத்தின் பெயர். தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் அந்தக் கிராமத்தில், மேய்ச்சல் நிலமாகவும் விறகுக்காடாகவும் இருந்த 1,100 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போனது. பெண்கள் முன்னால் நின்று போராடினார்கள். அங்கே பிரெஞ்சு டயர் கம்பெனியின் ஆலை வந்ததால் 2012இல் இந்தப் பிரச்சினை பாரிஸ் வரை ஒரு புகாராகப் போனது. மனு இருக்கிறது, அறிக்கை இருக்கிறது, பதில் அறிக்கையும் இருக்கிறது. அந்த நிலத்தில் எந்த மாதம் என்ன கீரை முளைக்கும், ஆடு எங்கே தண்ணீர் குடிக்கும், பிரசவமான பெண்ணுக்கு எந்தச் செடியைப் பறித்து வந்தார்கள் என்று அங்கே நடந்து திரிந்த ஒரு கிழவியின் குரலில் நம்மிடம் எத்தனை மணி நேரப் பதிவு இருக்கிறது? அப்போதே நம்மில் பலர் கையில் போன் இருந்தது.

பத்தாண்டு காற்றில் ஏறாத வானொலி

நமக்கு முன்னால் இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து மாநிலத்தில், ஜஹீராபாத்துக்கு அருகே மாச்சனூர் என்ற கிராமத்தில். அன்று அது ஆந்திரத்தின் மேடக் மாவட்டம், இன்று தெலங்கானா. தக்காண வளர்ச்சிச் சங்கத்தோடு சேர்ந்து இயங்கிய தலித் பெண்களின் சங்கங்கள் அங்கே 1998இல் யுனெஸ்கோ உதவியோடு ஒரு ஒலிப்பதிவுக் கூடம் கட்டின. தினை, சோளம் விதைக்கிற கூலிப்பெண்கள் நடத்தும் கூடம். ஜெனரல் நர்சம்மா, அல்கோல் நர்சம்மா என்ற இரண்டு பேர் அதன் முகங்கள். ஆனால் ஒலிபரப்ப உரிமம் இல்லை.

ஏன் இல்லை என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். காற்றலை பொதுச்சொத்து, அரசாங்கத்தின் தனிச்சொத்து அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனாலும் 2002இல்தான் சமுதாய வானொலிக் கொள்கை வந்தது, அதுவும் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். அப்படித்தான் 2004 பிப்ரவரியில் நம் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். வந்தது. படித்தவர்களின் வளாகத்துக்கு முதலில் திறந்த கதவு, கூலிப்பெண்களின் சங்கத்துக்கு 2006 நவம்பரில்தான் திறந்தது. திறந்த பிறகும் செய்தி ஒலிபரப்பக் கூடாது என்ற தடை தொடர்ந்தது.

இந்தப் பத்து வருஷமும் மாச்சனூர்ப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. பதிவு செய்தார்கள். விதை பற்றி, பாட்டு பற்றி, பிரசவம் பற்றி, கூலி பற்றி. பதிவான கேசட்டுகளைச் சங்கக் கூட்டங்களுக்கு எடுத்துப் போய்ப் போட்டுக் கேட்டார்கள். கேட்ட பெண்கள் அதைப் பற்றிப் பேசினார்கள், சரி தப்பு சொன்னார்கள். 2008 அக்டோபர் 15, கிராமப்புறப் பெண்கள் நாளன்று, சங்கம் ரேடியோ 90.4இல் காற்றில் ஏறியது. அன்றைக்கு அவர்களிடம் பத்தாண்டுக் குரல் கையிருப்பு இருந்தது. அதைவிட முக்கியம், கேட்டுப் பழகிய காதுகள் இருந்தன.

நமக்கு உரிமம் வேண்டாம். டவர் வேண்டாம். டெல்லிக்கு மனுப் போட வேண்டாம். செய்தி சொல்லக் கூடாது என்ற தடையும் பாட்காஸ்டுக்கு இல்லை. ஒரு போன் போதும். இவ்வளவு இருந்தும் நம் பிள்ளைகள் தொடங்குகிற பாட்காஸ்டுகள் ஏழெட்டு எபிசோடில் நின்றுவிடுவதைப் பார்க்கிறேன். எங்களுடையதும் ஏழாவதில்தான் நின்றது.

எங்கள் ஏழாவது எபிசோட்

கொரோனா அடங்கிய கையோடு நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஆரம்பித்தோம். இரவுப் பாடசாலையின் பின் அறைதான் ஸ்டுடியோ. தகரக் கூரை, அதனால் பழைய புடவைகளைச் சுற்றிலும் கொடி கட்டித் தொங்கவிட்டு எதிரொலியைக் குறைத்தோம். ஃபேனை நிறுத்திவிட்டு வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து பேசினோம். முதல் ஆறு எபிசோட் நன்றாகவே போனது. ஏழாவதற்கு ஒரு அக்கா வந்தார். ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் துப்புரவு வேலை. ஐம்பது நிமிடம் பேசினார். தன் கல்யாணம், இரண்டாவது பிள்ளை, ராத்திரி ஷிஃப்ட், கழிவறைக்குப் போனால் கணக்கு வைக்கிற மேஸ்திரி, எல்லாம். சிரித்துக்கொண்டே பேசினார்.

எங்களோடு இருந்த தம்பி ஒருவன் ஆர்வக்கோளாறில் மேஸ்திரி பற்றிய பகுதியை மட்டும் நாற்பது நொடி வெட்டி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தான். பெயர் போடவில்லை, கம்பெனி பெயரும் இல்லை. நான் பார்த்தேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ராத்திரிக்குள் நான்கைந்து குழுக்களுக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் அந்த அக்காவை "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். காரணம் எழுத்தில் இல்லை. கான்ட்ராக்ட் ஆளை நிறுத்தக் காரணம் எதற்கு?

வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "நான் உன்னாண்ட தானேமா பேசினேன், ஊராண்டயா பேசினேன்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பேச வரும்போது "பாட்காஸ்ட்ல போடுவோம்கா" என்று சொல்லியிருந்தோம், அவரும் தலையாட்டியிருந்தார். சட்டப்படி அது சம்மதம் என்று வாதாடலாம். ஆனால் பாட்காஸ்ட் என்றால் என்ன, யார் யார் கேட்பார்கள், ஒரு துண்டை வெட்டினால் அது எங்கே போகும் என்று அவருக்குத் தெரியாது, நாங்கள் சொல்லவும் இல்லை. ஐம்பது நிமிடம் பேசிய ஒரு முழுப் பெண்ணை நாற்பது நொடிப் புகாராக மாற்றியது கம்பெனி இல்லை, நாங்கள். நான்கு மாதம் பாட்காஸ்டை நிறுத்தினோம். கையில் இருந்த காசைப் போட்டு அவருக்கு இரண்டு மாத வாடகை கட்டினோம். அது ஈடு ஆகாது. இப்போது வேறு வேலையில் இருக்கிறார். வழியில் பார்த்தால் பேசுவார். மைக் முன்னால் மறுபடி உட்கார வரவில்லை. நானும் கேட்கவில்லை.

வீரம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். புதுச்சேரிக்கு அருகே ஒரு கிராமத்தில் கூலி வேலையும் பிரசவம் பார்க்கும் வேலையும் செய்த பறையர் பெண். தன் வாழ்க்கையை ஆண்டுக்கணக்கில் பேச, ரசின் தம்பதியர் ஒலிநாடாவில் பதிவு செய்தார்கள். அது புத்தகமாகி 1995இல் முதலில் வந்தது பிரெஞ்சு மொழியில், பிறகு 1997இல் ஆங்கிலத்தில். பொறுமையாக, மரியாதையாகச் செய்யப்பட்ட வேலை, அதில் எனக்குக் குறை சொல்ல ஏதும் இல்லை. ஆனாலும் அதை நினைக்கும்போதெல்லாம் ஒன்று உறுத்தும். தமிழில் பேசிய ஒரு சேரிப் பெண்ணின் கதையைப் பக்கத்துச் சேரிப் பெண்ணுக்கு முன்பே பாரிஸில் இருப்பவர் தெரிந்துகொண்டார். நம் பாட்காஸ்டும் அப்படித்தான் ஆகிவிடக் கூடாது. சென்னையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்டு "என்னா வலி!" என்று உருகுகிறவருக்காகவா பேச வைக்கிறோம், அல்லது அடுத்த தெருவில் அதே மேஸ்திரியிடம் வேலை செய்கிற பெண்ணுக்காகவா? இரண்டு பேரும் கேட்கட்டும். யார் முதலில் கேட்க வேண்டும் என்பதில் மட்டும் நமக்குக் குழப்பம் வேண்டாம்.

திரும்பத் தொடங்கியபோது

நான்கு மாதம் கழித்துத் திரும்பத் தொடங்கியபோது சில பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டோம். உங்களுக்கு உதவும் என்பதால் சொல்கிறேன்.

சம்மதம் ஒரு தடவை கேட்பதில்லை, மூன்று தடவை கேட்கிறோம். பதிவுக்கு முன்னால் ஒரு தடவை. வெட்டி ஒட்டி முடித்ததும் அவரையே உட்கார வைத்துப் போட்டுக் காட்டி ஒரு தடவை. ஒரு வாரம் கழித்து, வெளியிடும் முன் ஒரு தடவை. "அந்த இடத்தை எடுத்துடு" என்றால் ஏன் என்று கேட்காமல் எடுத்துவிடுவோம். வெளியான பிறகும் வேண்டாம் என்றால் இறக்கிவிடுவோம். இப்படி இரண்டு நல்ல எபிசோடுகள் போய்விட்டன. போகட்டும். சின்னத் துண்டு வெட்டிப் பகிர்வதற்குத் தனியாகச் சம்மதம் கேட்கிறோம்.

பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். நாற்பது பேர் வேலை செய்கிற ஒரு லைனில் எல்லோருக்கும் எல்லோர் குரலும் தெரியும். மென்பொருளில் குரலைத் தடித்ததாகவோ மெல்லியதாகவோ மாற்றினாலும் அதைத் திருப்பிப் பழையபடி ஆக்க முடியும். ஆபத்து இருக்கிற இடத்தில் அவர் சொன்னதை எழுதி இன்னொரு பெண் படிக்கிறார். எந்த வண்டி, எந்த ஷிஃப்ட், எத்தனை பிள்ளை என்ற அடையாளங்களை மாற்றிவிடுகிறோம், மாற்றியிருக்கிறோம் என்று கேட்பவர்களிடமும் சொல்லிவிடுகிறோம். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவின்படி குற்றம், முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 228ஏ. குழந்தை என்றால் போக்சோ 23ஆம் பிரிவு. வன்கொடுமை வழக்கு நடந்துகொண்டிருந்தால் வழக்கறிஞரைக் கேட்காமல் சாட்சியைப் பேட்டி எடுக்காதீர்கள். நீங்கள் பதிவு செய்ததில் ஒரு வார்த்தை முன்பின்னாக இருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதையே குறுக்கு விசாரணையில் அவர் முகத்தில் வீசுவார்.

எடிட்டிங் யார் செய்கிறார் என்று பாருங்கள். நம் குழுக்களில் பெரும்பாலும் பையன்கள் லேப்டாப்பின் முன்னால் இருப்பார்கள், பெண்கள் ஆள் கூட்டி வந்து டீ போட்டுக் கொடுப்பார்கள். பெண் பேச, பையன் வெட்ட, அதற்குப் பெண்குரல் பாட்காஸ்ட் என்று பெயர். எங்களிடம் இப்போது பன்னிரண்டாவது முடித்த இரண்டு பெண்கள் ஆடாசிட்டி கற்றுக்கொண்டு எடிட் செய்கிறார்கள். அது காசில்லாமல் கிடைக்கிற மென்பொருள், ஒரு மாதத்தில் கை பழகிவிடும். உத்தரப்பிரதேசத்தில் 2002இல் சித்ரகூடில் ஆரம்பித்த கபர் லஹரியாவில், தலித் பெண்கள் உள்ளிட்ட கிராமத்துப் பெண்களே எழுதி, பக்கம் அமைத்து, பிறகு போனில் வீடியோ எடுக்கவும் பழகினார்கள். நம் பிள்ளைகளுக்கு வராதா?

பேச்சைத் திருத்தாதீர்கள். "இஸ்துகினு போய்ட்டான்", "துட்டு தரல", "இன்னாத்துக்கு" என்றுதான் எங்கள் பக்கத்துப் பெண்கள் பேசுவார்கள். ஆந்திர எல்லை என்பதால் பாதித் தெலுங்கும் கலக்கும். சூளையில் ஒடியா பேசுகிற பெண்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே ஒரு எபிசோட் போட வேண்டும் என்பது இன்னும் நிறைவேறாத ஆசை. "கொஞ்சம் நல்ல தமிழில் சொல்லுங்கம்மா" என்று நீங்கள் கேட்ட நொடியில் அந்த அம்மா பள்ளிக்கூடத்தின் கடைசி பெஞ்சுக்குத் திரும்பப் போய்விடுவார்.

நேரம் அவர்களுடையது. ஷிஃப்ட், தண்ணீர், ரேஷன், சமையல் எல்லாம் போக மிஞ்சுவது ஞாயிறு மதியம் ஒன்றரை மணி நேரம். அதையும் நாம்தான் பிடுங்கிக்கொள்கிறோம். அதனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எங்களில் ஒருவர் வெளியே இருப்பார். ஆடி மாதம் முழுக்க விடுமுறை. பெரியபாளையத்தம்மன் திருவிழா நேரத்தில் இந்தப் பக்கம் ஸ்பீக்கர் சத்தத்தில் நம் பேச்சு நமக்கே கேட்காது. வாரம் ஒன்று என்று வாக்குக் கொடுத்துவிட்டு மூச்சு வாங்குவதை விட்டுவிட்டோம். ஆறு எபிசோட், பிறகு இரண்டு மாத ஓய்வு, பிறகு மீண்டும் ஆறு. நிற்காமல் ஓடுவதைவிட நின்று நின்று நடப்பது தூரம் போகும்.

காசு பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள். எடிட் செய்கிற பெண்ணுக்குச் சின்னத் தொகையாவது கொடுக்க வேண்டும். பெண்களின் உழைப்பைச் சும்மா வாங்கிக்கொள்வதைக் கண்டித்துப் பேசுகிற பாட்காஸ்ட், சும்மா உழைக்கிற பெண்களை வைத்து நடக்கக் கூடாது. வேலைக்குப் போகிற தோழர்கள் முப்பது பேர் மாதம் ஐம்பது ரூபாய் தருகிறார்கள். புராஜெக்ட் பணத்தை நம்பினால் புராஜெக்ட் முடிகிற அன்று குரலும் முடிந்துவிடும்.

கடைசியாகக் கேட்பது, பாதுகாப்பது. இருபது நிமிடப் பேச்சை மோனோவில் 64 கேபிபிஎஸ்ஸில் சேமித்தால் பத்து எம்.பி.க்குள் அடங்கும். மலிவான போனிலும் வாட்ஸ்அப்பில் போய்ச் சேரும். பாட்காஸ்ட் செயலிகளுக்குப் போவது ஓர் ஊட்டத்தின் வழியாக, அதன் பெயர் ஆர்.எஸ்.எஸ்., சிரிக்காதீர்கள், நமக்குத் தெரிந்த அதுவல்ல. ஆனால் செயலிகளை நம்பி மட்டும் இருக்காதீர்கள். கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024இல் மூடப்பட்டது. அவ்வளவு பெரிய கம்பெனியே கடையைக் கட்டும்போது நம் மூலப்பதிவு நம் கையில் இருக்க வேண்டும். இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டு வேறு வீடுகளில். வெள்ளம் வந்தால் ஒன்றாவது மிஞ்சும்.

ஒவ்வொரு எபிசோடையும் வெளியிடும் முன் ஒரு புளூடூத் ஸ்பீக்கரை எடுத்துப்போய்த் தெருவில் பத்துப் பன்னிரண்டு பெண்களோடு உட்கார்ந்து கேட்கிறோம். மாச்சனூரின் கேசட்டுப் பழக்கம்தான். அங்கே நடக்கிற பேச்சு சில நேரம் எபிசோடைவிட நன்றாக இருக்கும். இணையத்தில் முப்பது பேர் கேட்டதாகக் காட்டும், நீங்கள் சோர்ந்து போவீர்கள். அந்தப் பன்னிரண்டு பேர் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள். அவர்களை எண்ணக் கற்றுக்கொண்டால்தான் எட்டாவது எபிசோட் வரும்.

நம் வீட்டு ஆண்களைப் பற்றிய எபிசோட்

இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதிய அத்தனையும் பொய்யாகிவிடும். மேஸ்திரியைப் பற்றி, முதலாளியைப் பற்றி, ஊர்க்காரனைப் பற்றி ஒரு பெண் பேசும்வரை நம் தோழர்கள் கைதட்டுவார்கள். நம் தெருவிலேயே, நம் கொடியையே பிடிக்கிற ஒருவர் ராத்திரி வீட்டில் என்ன செய்கிறார் என்று அவர் பேச ஆரம்பித்தால், "எதிரி சிரிப்பான், இயக்கத்தை அசிங்கப்படுத்தாதே" என்பார்கள். எங்களுக்கும் சொன்னார்கள். ஒரு மூத்தவர் வீடு தேடி வந்தே சொன்னார்.

சாதிக்காரன் நம் ஒவ்வொரு சண்டையையும் நமக்கு எதிராகப் பயன்படுத்துவான் என்பது உண்மை. அந்தப் பயத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் அந்தப் பயத்தின் விலையை எப்போதும் பெண்ணே கட்ட வேண்டும் என்பது எந்தக் கணக்கு? 1942 ஜூலை 20 அன்று நாக்பூரில், ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் பேசியபோது, ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்கள் அடைந்த முன்னேற்றத்தைக் கொண்டுதான் தான் அளப்பதாகச் சொன்னார். படத்துக்கு மாலை போடுகிறவர்கள் அந்த அளவுகோலையும் கையில் எடுக்க வேண்டும். அந்த எபிசோடை நாங்கள் வெளியிட்டோம். அவர் மூன்று தடவையும் சம்மதம் சொன்ன பிறகு, இன்னொரு பெண்ணின் குரலில். அந்த மூத்தவர் இன்றும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. தெருவில் கேட்ட பெண்களில் இரண்டு பேர் அடுத்த ஞாயிறு தாங்களாகவே வந்தார்கள்.

அந்த மூன்று பிள்ளைகள் கிளம்பும்போது மறுபடி கேட்டார்கள்: "அப்போ மைக் வாங்க வேண்டாமாக்கா?" வாங்குங்கள். கழுத்துப்பட்டையில் மாட்டுகிற வயர் மைக் போதும், சில நூறு ரூபாய்தான். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இந்த ஞாயிறு உங்கள் அம்மாவோடோ அத்தையோடோ ஒரு மணி நேரம் போனை எடுக்காமல் உட்கார்ந்து கேளுங்கள். நடுவில் பேசாதீர்கள். கேட்டு முடித்த பிறகு, "இதில் எதை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?" என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்கிற பதிலை அப்படியே எழுதி வையுங்கள். உங்கள் பாட்காஸ்டின் முதல் விதி அதுதான்.

ஜெய்பீம்.